கூலி மூவாயிரம், சாமான் தனி

புதிதாக இந்த நாற்காலியில் உட்கார வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் செல்லத்தாய் எழுதுவது. எனக்கு எண் சரளமாக வரும், எழுத்து கூட்டித்தான் வரும். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். அவசரப்பட்டவர்களுக்கு நான் விலையே சொன்னதில்லை, கதையா சொல்லப் போகிறேன்?

உங்களுக்குச் சட்டையில் பேர் குத்தி, கையில் சிலேட்டு மாதிரி ஒரு போனைக் கொடுத்து, சர்வீஸ் அட்வைசர் என்று சொல்கிறார்கள். நல்ல பேர்தான். என் காலத்தில் இந்த வேலைக்குப் பேரே கிடையாது. ‘விலை சொல்லுற அக்கா’ என்பார்கள், அவ்வளவுதான். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் எங்கள் ஒர்க்‌ஷாப். ஊரில் கார் வைத்திருந்தவர்களில் என் வாயால் விலை கேட்காதவர்கள் குறைவு. கேட்டுவிட்டு உட்காராதவர்கள் அதைவிடக் குறைவு. அதற்காகவே எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தேன்.

அந்த நாற்காலி எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

எங்கள் முதலாளி எப்பேர்ப்பட்ட மெக்கானிக். இன்ஜின் பக்கத்தில் போய் நின்றாலே அது அவரிடம் தன் குறையைச் சொல்லிவிடும் போல இருக்கும். ஆனால் விலை சொல்ல வந்தால் மனிதர் உருகிவிடுவார். நான் அப்போது மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் வேலையில் இருந்தேன். ஒருநாள் கிளட்ச் மாற்றிய ஒரு காருக்கு விலை சொல்ல வேண்டும். “நாலாயிரம் ஆச்சுங்க” என்றார் முதலாளி. கார்க்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். முதலாளிக்குத் தாங்கவில்லை. “மூவாயிரத்து ஐந்நூறு குடுங்க, போதும்” என்றார். கார்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, மூவாயிரமாக் குடுங்க.” கார்க்காரர் விறுவிறுவென்று வெளியே போனார். போச்சு, கோபித்துக்கொண்டு போகிறார் என்று முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த மனிதர் சாக்கடை ஓரமாகப் போய் வாய் நிறைய இருந்த வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, “நாலாயிரம்னுதான சொன்னீக?” என்று பணத்தை எடுத்து நீட்டினார்.

முதலாளி வாயைத் திறக்கும் முன் நான் மண்ணெண்ணெய்க் கையோடு எழுந்து போய் அந்த நாலாயிரத்தையும் வாங்கிவிட்டேன். மறுநாள் காலையில் நாற்காலி எனக்கு. முதலாளி சொன்னார்: “தாயி, விலையச் சொன்ன பொறவு வாயத் தொறக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். செய்யத்தான் ஏலல. நீ செய்.”

செய்தேன். விலையைச் சொல், வாயை மூடு. இதற்கு மேல் இந்தத் தொழிலில் ஒன்றும் இல்லை என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், பேண்டேஜ் அண்ணாச்சி அந்தக் காரை வாங்கும் வரை.

அண்ணாச்சிக்குக் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கிற தொழில். தறி ஓடும், வெளுக்கும், சுருட்டும், பெட்டி பெட்டியாக லாரியில் ஏறும். அவர் பேர் எனக்குத் தெரியும், உங்களுக்கு வேண்டாம். நல்ல மனிதர். கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் ஓட்டிச் சலித்த வெளிநாட்டுக் காரை ஏழு லட்சத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தார். கறுப்புக் கார். புதிதாக இருந்தபோது கோடிக்குப் பக்கத்தில் விலையாம். ஒர்க்‌ஷாப் வாசலில் அதைத் திருப்புவதற்கே ரோட்டில் டவுன் பஸ் நிற்க வேண்டியிருந்தது. கோடி ரூபாய்க் கார் ஏழு லட்சத்துக்கு எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அந்தக் காரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியது.

கண்ணாடி இறங்கும், ஏறாது. அண்ணாச்சி சிறுநீர் கழிக்க இறங்கினால், அவரை வெளியே விட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பேட்டரி டிக்கிக்குள் இருந்தது. பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறந்தால்தான் பேட்டரியை மாற்ற முடியும். அதைக் கண்டுபிடித்தவனை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். அடிக்கவா என்று கேட்டேன். இல்லை, கும்பிட என்றார்.

பிள்ளைகளா, பழைய பெரிய கார் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் புரிவதே இல்லை. காருக்குத்தான் வயதாகிறது, அதன் சாமானுக்கு வயதாவதில்லை. ஏழு லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் ஒவ்வொரு சாமானும் கோடி ரூபாய்க் காரின் சாமான்தான். அதை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது ஸ்டூல் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒருநாள் அண்ணாச்சியின் கார் ஆவி பறக்க வந்து நின்றது. முதலாளி பானெட்டைத் திறந்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாயில் வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் கூட அவ்வளவு அழகாகச் சுற்ற மாட்டாள். நுனியை இரண்டாகக் கிழித்து முடிச்சு வேறு.

“ஊசி கீசி போட்டீகளா அண்ணாச்சி?” என்று கேட்டார் முதலாளி.

“ரத்தமே நிக்குது, தண்ணி நிக்காதா?” என்றார் அண்ணாச்சி. விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் துணி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இப்போது அண்ணாச்சி வீட்டம்மா பூரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வன்னியம்பட்டிப் பெண். வீட்டு வரவு செலவு அவள் கையில், கம்பெனி வரவு செலவு அண்ணாச்சி கையில். கார் எங்களிடம் வந்தால் சாயங்காலம் பூரணத்திடமிருந்து எனக்குப் போன் வரும். எதிரில் ஸ்டூலில் அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“செல்லத்தாயக்கா, எம்புட்டு ஆச்சு?”

நான் பொய் சொல்லும் பிறவி இல்லை. “எங்க கூலி மூவாயிரம்” என்பேன். அது உண்மை. சாமானை டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் அண்ணாச்சியே கம்பெனிப் பணத்தில் வரவழைத்தார். அதை அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பெரிய கார்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான், வீட்டுக்குக் கூலியை மட்டும் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் அதற்கு வீட்டு விலை என்று பேர். உங்களிடமும் கேட்பார்கள், பாருங்கள்.

வீட்டு விலை வீட்டுக்குள்ளேயே கிடந்தால் ஒரு வம்பும் இல்லை. அது ஒருநாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது.

ஒரு மத்தியான நேரம் பூரணமே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். பட்டுச்சேலை, கையில் ஒரு டப்பா பால்கோவா, முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் அண்ணாச்சி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் முகம் வெளுத்த துணி மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். பூரணத்தின் தம்பி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்துவிட்டார். அவருக்கு மொத்தமாகப் பணம் வந்திருக்கிறது. வன்னியம்பட்டியில் பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வேகிறார்கள், அந்தப் பணத்தில் வீடு கட்டுவதாகத்தான் பேச்சு. ஆனால் அக்காள் வீட்டுக் காரைப் பார்த்ததில் தம்பிக்கு யோசனை மாறிவிட்டது. அதே மாதிரி கார் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புரோக்கரிடம் நிற்கிறது. வெள்ளைக் கார். அதை வாங்கிக் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டால் சம்பாதித்தே வீடு கட்டிவிடலாம். செலவும் கிடையாது. அக்காள் சொன்னாளே, வருஷத்துக்கு நாலு தடவை மூவாயிரம் மூவாயிரமாகத்தான் ஆகிறதென்று.

“வெள்ளிக்கிழமை பணம் குடுக்குதான். நீங்களும் முதலாளியும் வந்து வண்டியப் பாத்துச் சொல்லணும்” என்றாள் பூரணம். “நீங்க சொன்னா அவனுக்கு ஒரு தெம்பு.”

நான் பால்கோவாவை வாயில் போட்டிருந்தேன். நல்ல வேளை. அன்று வாய் நிறைய வெற்றிலையோடு நின்ற கார்க்காரருக்கு இருந்த வசதி எனக்கும் கிடைத்தது. விழுங்கி முடிப்பதற்குள் யோசித்துவிட்டேன். இங்கேயே உடைத்துச் சொன்னால் அண்ணாச்சி வீட்டில் இன்று ராத்திரி உலை கொதிக்காது, வேறு எல்லாம் கொதிக்கும். சொல்லாவிட்டால் இரண்டு பெண் பிள்ளைகளின் வீடு நாலு சக்கரத்தில் ஏறிப் போய்விடும். கையில் வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருந்தது. பார்க்காத வண்டிக்கு விலை சொல்லக் கூடாது என்பது எங்கள் ஒர்க்‌ஷாப் சட்டம்.

“வண்டியப் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

பூரணம் வாசல் தாண்டியதும் அண்ணாச்சி மட்டும் செருப்பை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

“அக்கா, எப்படியாவது என் மச்சினன் அத வாங்காமப் பண்ணிருங்க.”

“பண்ணிரலாம்.”

“ஆனா எனக்கு எம்புட்டு செலவாச்சுன்னு மட்டும் சொல்லிராதீக.”

“அண்ணாச்சி, ஒங்க காரே தேவல, அது எப்பவாச்சும் ஓடும். இந்த யோசன ஓடவே ஓடாது” என்றேன்.

வெள்ளிக்கிழமை முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் வர மறுத்துவிட்டார். “நான் வந்தா அந்த எடத்துலயும் பாதி வெலதான் சொல்லித் தொலைப்பேன். நீ போ தாயி. ஓடும்போது எல்லாக் காரும் நல்ல காருதான். நிறுத்தச் சொல்லிட்டுச் செத்த நேரம் டீ குடி. அது போதும்.”

கறுப்புக் காரில் கிளம்பினோம். அண்ணாச்சி ஓட்ட, பூரணம் முன்னால், நான் பின்னால். அந்த சீட்டில் உட்கார்ந்தால் ராஜபாளையம் ரோடு என்றே தெரியாது, மேடு பள்ளமெல்லாம் எங்கோ வெளியூர் போய்விட்ட மாதிரி. கழுதை, நல்ல கார்தான் என்று நினைத்துக்கொண்டேன். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கார்களைத் திட்டாதீர்கள். வாங்குகிறவர்களுக்கு ஏன் பித்துப் பிடிக்கிறது என்று ஒருதரம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

புரோக்கரின் இடம் ஒரு மாந்தோப்பு ஓரம். வெள்ளைக் கார் குளித்துப் பவுடர் போட்ட மாதிரி நின்றது. பக்கத்தில் பட்டாளத்தார், மீசையும் நேர் முதுகுமாக. கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. பையை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார்த்ததுமே அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. “வாங்க ஆச்சி” என்றார் என்னை. ராஜபாளையத்தில் யாரும் என்னைக் கிழவியாக்கி ஆச்சி என்றதில்லை. அவர் எங்கள் வாடிக்கையாளராக இருந்திருந்தால் அதையும் கூலியில் சேர்த்திருப்பேன்.

எங்கள் கறுப்புக் காரை வெள்ளைக் காரின் பக்கத்திலேயே நிறுத்தினோம். வெள்ளைக் காரை எல்லோரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். வெண்ணெய் மாதிரி ஓடியது. பட்டாளத்தார் இறங்கும்போதே கல்யாண வீட்டுக்கு வாடகை பேசுகிற முகத்தோடு இறங்கினார்.

“ரெண்டு வண்டியும் அப்படியே நிக்கட்டும்” என்றேன். “டீ சொல்லுங்க.”

டீ வந்தது. புரோக்கர் பட்சணமும் வாங்கி வைத்தான். பூரணம் ஊர்க்கதை பேசினாள், அண்ணாச்சி கிளாசைப் பிடித்திருந்தாரே ஒழியக் குடிக்கவில்லை. நான் இன்னொரு டீ கேட்டேன். எனக்கு டீ மேல் ஆசை இல்லை, வண்டி மேல் கண்.

இங்கே ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மாதிரிக் கார்களில் சக்கரத்துக்கு மேல் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. காற்று அடைத்த ரப்பர் பைதான் வண்டியைத் தாங்கும், நாங்கள் பலூன் என்போம். வயதான ரப்பரில் வெடிப்பு விழும், காற்று கசியும். ஓடும்போது வண்டியே காற்றடித்துச் சமாளித்துக்கொள்ளும். நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும்.

இரண்டாவது டீ பாதி இருக்கும்போது வெள்ளைக் கார் மெதுவாகக் கீழே இறங்கியது. வயிறு முட்டச் சாப்பிட்டவர் பந்தியிலேயே சரிந்து உட்காருகிற மாதிரி. சக்கரத்தின் மேல் பாதி உள்ளே மறைந்தேவிட்டது.

பட்டாளத்தார் பார்த்துவிட்டார். “என்னய்யா இது?”

புரோக்கர் பலே ஆள். கண் சிமிட்டவில்லை. “பெரியவங்க ஏறதுக்கு வசதியா வண்டி தன்னால குனியுதுங்க சார். வெளிநாட்டுக்காரன் மரியாத.”

“அட” என்று பட்டாளத்தார் மீசையைத் தடவினார். மரியாதை தெரிந்த வண்டி. கல்யாணத்துக்கு எவ்வளவு பொருத்தம். மஞ்சப்பை கக்கத்திலிருந்து கைக்கு வந்துவிட்டது.

“குனிஞ்சது சரி தம்பி” என்றேன் புரோக்கரிடம். “எந்திரிக்கச் சொல்லு.”

அவன் ஏறி இன்ஜினைப் போட்டான். அடியில் எங்கோ ஒரு மோட்டார் முனகியது. பின்பக்கம் ஒரு மூலை எழுந்தது. முன்னால் ஒரு மூலை எழுந்தது, பிறகு யோசித்துவிட்டு உட்கார்ந்தது. எருமை எழுந்திருக்குமே, பின்னங்காலைத் தூக்கிவிட்டு முன்னங்காலை மறந்த மாதிரி நிற்குமே, அப்படி ஒரு நிலை. புரோக்கர் உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

பட்டாளத்தார் என்னைப் பார்த்தார். “இதச் சரி பண்ண எம்புட்டு ஆகும் ஆச்சி?”

நான் வாயைத் திறப்பதற்குள் பூரணம் சொல்லிவிட்டாள். “என்ன ஆயிரப்போவுது? மூவாயிரம் ஆகும். நம்ம காருக்கும் இதே சீக்குதான் வந்துச்சு. செல்லத்தாயக்காதான போன்ல சொன்னா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் மாமரத்தைப் பார்த்தார், காய் எண்ணுகிறவர் மாதிரி.

பிள்ளைகளா, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று செத்த நேரம் யோசியுங்கள். எனக்கு அவ்வளவு நேரம் இல்லை. பலூன் விலை எனக்குத் தெரியும். நான் சொன்னால் பட்டாளத்தார் பணம் தப்பும். ஆனால் அண்ணாச்சியின் குட்டை அவர் பெண்டாட்டி ஊரில், மச்சினன் முன்னால், புரோக்கர் முன்னால், வெளி ஆளான நான் உடைத்ததாகும். அது அவருக்கு ஆறாது. அவரே உடைத்தால் அது வீட்டுப் பேச்சு. ஆனால் அவராக உடைக்கிற மனிதர் இல்லை. ஸ்டூலில் கைகூப்பியே பழகியவர்.

“மூவாயிரம் எங்க கூலி” என்றேன். “சாமான் தனி. சாமான் வாங்குனது நான் இல்ல. அண்ணாச்சிதான் வாங்குனாக. பலூன் என்ன வெலன்னு அவியள்ட்டக் கேளுங்க.”

சொன்னேன், வாயை மூடினேன்.

அண்ணாச்சி மாமரத்திலிருந்து இறங்கி வந்தார். “அது… ஒரு பலூன் இருவதாயிரம் வரும்.”

நான் டீ கிளாசைப் பார்த்தேன்.

“இருவது இல்ல, முப்பத்தஞ்சு.”

நான் கிளாசைக் கீழே வைத்தேன்.

“அம்பது” என்றார். வேர்த்துக்கொட்டியது. நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், எனக்கு உண்மையாகவே மூக்கில் தூசி. அவர் அதையும் தப்பாக எடுத்துக்கொண்டார். “சரி, எழுவத்தஞ்சு. எழுவத்தஞ்சாயிரம். ஒரு பலூன். மொத்தம் நாலு பலூன். காத்தடிக்கிற மோட்டார் தனி.”

விலை சொன்ன பிறகு பேசாமல் இருந்தால் விலை இறங்காது என்றுதான் எங்கள் முதலாளிக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் விலை ஏறவும் செய்யும் என்று அன்றைக்கு மாந்தோப்பில் நான் கண்டுபிடித்தேன்.

மஞ்சப்பை கையிலிருந்து மறுபடி கக்கத்துக்குப் போய்விட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. காற்றில் பறப்பேன் போல இருந்தது. ஆனால் காரியம் பாதிதான் முடிந்திருந்தது. பூரணம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நானாவது தொழிலுக்காக வாயை மூடுகிறவள். அவள் மூடினால் அது வேறு.

“நம்ம வண்டிக்கு நாலும் மாத்தியாச்சா?” என்று கேட்டாள் கடைசியில், ரொம்ப மெதுவாக.

“மூணு” என்றார் அண்ணாச்சி.

அவள் கறுப்புக் காரைத் திரும்பிப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். டீ குடித்த நேரத்தில் அதுவும் பின்னால் இடது பக்கம் லேசாகத் தணிந்து, இடுப்பில் கை வைத்த மாதிரி ஒருக்களித்து நின்றது.

“அப்ப அந்த நாலாவது?”

அண்ணாச்சி முழங்காலைப் பார்த்துச் சொன்னார். “அதுக்கு நம்ம துணியத்தான் சுத்தியிருக்கேன்.”

முதலில் சிரித்தது பட்டாளத்தார். எல்லையில் பனியில் நின்ற மனிதர், காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து சிரித்தார், மஞ்சப்பையை மட்டும் விடவில்லை. புரோக்கர் சாய்ந்த காருக்குள்ளிருந்து இறங்க முடியாமல் சிரித்தான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முதலாளி பார்த்துப் பார்த்துப் பூட்டிய மூன்று பலூனுக்கு நடுவே இவர் எப்போது அடியில் படுத்து நாலாவதுக்குக் கட்டுப் போட்டார் என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

பூரணம் சிரிக்கவில்லை. காரின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். “அம்புட்டு வெல குடுத்த சீட்டுல கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் ஒக்காந்திருக்கேன்” என்றாள். “குத்தாலத்துல சீசன். எடுங்க வண்டிய.”

“இந்த வண்டிலயா?” என்றார் அண்ணாச்சி.

“கட்டுத்தான் போட்டிருக்கீகளே.”

போனோம். ஆமாம், போனோம். நானும் பட்டாளத்தாரும் பின்னால். இன்ஜின் போட்ட பிறகும் முழுசாக எழாத இடது பக்கம் பாரம் ஏறக்கூடாது என்று என்னையும் அவரையும் வலது பக்கமே நெருக்கி உட்கார வைத்தார்கள். மஞ்சப்பை நடுவில். ராஜபாளையம் தாண்டும்போது ஒர்க்‌ஷாப் வாசலில் முதலாளி நின்றிருந்தார். கார் ஒருக்களித்துப் போவதைப் பார்த்து அவர் ஓடி வந்தார், நாங்கள் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். சிவகிரி தாண்டியதும் பூரணம் சீட்டு ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்திவிட்டாள். சீட்டு அவள் முதுகைப் பிடித்து அமுக்கிவிட ஆரம்பித்தது. அவள் ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டிவிட்டார். உடம்பு பிடித்துவிடும் சீட்டு அது. வாங்கிய நாளிலிருந்து அது அண்ணாச்சிக்குத் தெரியும்.

“இதையும் எங்கிட்டச் சொல்லல” என்றாள். அப்போதுதான் சிரித்தாள். சிரித்த சிரிப்பு தென்காசி வரை நிற்கவில்லை, பொத்தானும் நிற்கவில்லை.

குற்றாலத்தில் அவர்கள் இரண்டு பேரும் அருவியில் நின்றார்கள். பட்டாளத்தார் மட்டும் பையை இடுக்கிக்கொண்டு சாரல் படாத தூரத்தில் விறைப்பாக நின்றார், காவலுக்குப் போட்டவர் மாதிரி. ஒரு மஞ்சப்பையை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. வன்னியம்பட்டியில் இப்போது அவர் வீட்டில் கான்கிரீட் கூரை இருக்கிறது. பால் காய்ச்சியபோது போய் வந்தேன். அங்கேயும் ஆச்சி என்றுதான் கூப்பிட்டார், போகட்டும்.

அடுத்த வாரம் பூரணம் தனியாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். அண்ணாச்சி வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நாலாவது பலூனுக்குக் கூலி, சாமான், எல்லாம் சேத்து எம்புட்டு?” என்றாள்.

அன்று முதல் நான் அப்படித்தான் சொல்கிறேன், கூலியையும் சாமானையும் ஒரே மூச்சில். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். யாராவது வீட்டு விலை கேட்டால், வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரச் சொல்லுங்கள்.

“எழுவத்தெட்டாயிரம்” என்றேன். வாயை மூடினேன்.

பூரணம் ஒன்றும் பேசவில்லை. மாந்தோப்பில் நான் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள் அல்லவா? என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது, ஆறியது. நான் மூக்கைத் துடைக்கவில்லை, அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இரண்டு பேரில் யாரும் தோற்கிற மாதிரி இல்லை.

கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

“சரிம்மா, எழுவதாயிரம் குடுங்க, போதும்.”

அதனால் சொல்கிறேன் பிள்ளைகளா. நாற்காலியை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். மெக்கானிக்கின் காதுக்கு எட்டுகிற இடத்தில் மட்டும் போடாதீர்கள்.